சென்னையில் ஐ.டி. வேலை தேடுபவர்களுக்கு: எங்கே தொடங்குவது, எதற்குப் பணம் கொடுக்கக் கூடாது

டிகிரியைக் கையில் வாங்கிக்கொண்டு ஐ.டி. வேலைக்காகச் சென்னை வருபவர்களுக்கும், இங்கேயே படித்து கேம்பஸ் கைகொடுக்காமல் வெளியே நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர், மெக்கானிக்கலோ சிவிலோ முடித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புபவர், வீட்டில் இந்தத் துறையில் ஒருவருமே இல்லாததால் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர் எல்லாருமே மனதில் இருக்கிறார்கள்.

நிலவரத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2021, 2022-இல் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் புதியவர்களை அள்ளின. 2023-இலிருந்து அந்த வேகம் இல்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. புதியவர்களிடம் கொடுத்துவந்த சின்னச் சின்ன வேலைகளில் சிலவற்றை இப்போது ஏ.ஐ. கருவிகள் செய்கின்றன. இருந்தாலும் ஆள் எடுக்கத்தான் செய்கிறார்கள். மொத்தமாக எடுத்து மாதக்கணக்கில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது குறைந்துவிட்டது. வரும்போதே ஏதோ ஒன்றை உருப்படியாகச் செய்யத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். அந்த ஒன்றைத் தயார் செய்வதுதான் உங்கள் அடுத்த சில மாத வேலை.

1. வேலை எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஐ.டி. என்றதும் ஓ.எம்.ஆர். என்ற பழைய மகாபலிபுரம் சாலை மட்டும்தான் எல்லோருக்கும் தோன்றும். தரமணி டைடல் பார்க்கில் தொடங்கி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி சிப்காட் வரை அது நீள்வது உண்மைதான். ஆனால் கிண்டி, போரூர் பக்கம் மணப்பாக்கம், அம்பத்தூர் எஸ்டேட், தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், செங்கல்பட்டுக்கு முன்னால் மகிந்திரா வேர்ல்டு சிட்டி என்று நகரத்தைச் சுற்றியே அலுவலகங்கள் இருக்கின்றன.

இடத்தைவிட முக்கியம், எந்த வகை நிறுவனம் என்பது. ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு.

டி.சி.எஸ்., காக்னிசன்ட், இன்ஃபோசிஸ், எச்.சி.எல். போன்ற சேவை நிறுவனங்கள்தான் இன்றும் அதிகம் ஃப்ரெஷர்களை எடுப்பவை. ஆன்லைன் தேர்வு, அப்புறம் இன்டர்வியூ என்பது வழக்கமான முறை. டி.சி.எஸ்.ஸுக்கு என்.க்யூ.டி. என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டும். பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்பது இங்கே பரவலான விதி. அரியர் கணக்கும் பார்ப்பார்கள். பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்கள் விப்ரோவின் வில்ப் திட்டத்தைப் பாருங்கள்: வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கலாம். வீட்டில் பிளஸ் டூ முடிக்கும் தம்பி, தங்கை இருந்தால் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கும் எச்.சி.எல். டெக்பீ திட்டம் பற்றிச் சொல்லிவையுங்கள்.

சோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்றவை சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்பவை. சோஹோவில் மார்க்கைவிட புரோகிராம் எழுதும் திறமைக்குத்தான் மதிப்பு. 60 சதவீத விதியில் அடிபட்டவர்களுக்கு இது நல்ல வழி, ஆனால் பல சுற்றுகள் கடக்க வேண்டும். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகையோடு பயிற்றுவிக்கும் சோஹோ ஸ்கூல்ஸும் அவர்களுடையதே.

மூன்றாவது, வெளிநாட்டு வங்கிகளும் பெருநிறுவனங்களும் இங்கே நடத்தும் சொந்த மையங்கள். ஜி.சி.சி. என்பார்கள். சம்பளம் நன்றாக இருக்கும். பெரும்பாலும் அனுபவம் கேட்பார்கள். முதல் வேலைக்கு இதையே நம்பிக் காத்திருக்காதீர்கள்.

நான்காவது வகையைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை: இருபது, ஐம்பது பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனங்கள். வடபழனி, கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், அசோக் நகர் மாடிகளில் இருக்கும். ஒரு மருத்துவமனைக்கு பில்லிங், ஒரு ஏற்றுமதிக்காரருக்கு ஸ்டாக் கணக்கு, ஒரு பள்ளிக்கு ஆப் என்று செய்துகொடுப்பார்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் சேர்ந்த முதல் மாதமே உண்மையான வாடிக்கையாளரின் உண்மையான சிக்கல் உங்கள் மேஜைக்கு வந்துவிடும். இரண்டு வருடம் இங்கே கண்ணும் கருத்துமாக வேலை பார்த்தவர், பெரிய நிறுவனத்தில் புராஜெக்ட் எதுவும் கிடைக்காமல் பெஞ்சில் இருந்தவரைவிட அடுத்த இன்டர்வியூவில் தைரியமாகப் பேசுவார். பெயர் தெரியாத கம்பெனி என்று வீட்டில் சொன்னால் பொறுமையாக விளக்குங்கள். சேருவதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள்: சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா, பே ஸ்லிப் தருகிறார்களா. நாளைக்கு உங்கள் அனுபவத்துக்கு அதுதான் சாட்சி.

2. ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

"எந்த வேலையாக இருந்தாலும் சரி" என்று சொல்பவரை எந்த வேலைக்கும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். டெவலப்பர், டெஸ்டர், டேட்டா அனலிஸ்ட், சப்போர்ட் நான்கில் ஒன்றைப் பிடியுங்கள்.

புரோகிராம் எழுதுவதில் ஆர்வம் இருந்தால் டெவலப்பர். ஜாவாவோ பைத்தானோ ஒன்று போதும். வங்கி சார்ந்த வேலை அதிகமுள்ள சென்னையில் ஜாவா தெரிந்தவர்களுக்குத் தேவை குறையவில்லை. எங்கே தப்பு நடக்கும் என்று தோண்டிப் பார்க்கும் புத்தி இருந்தால் டெஸ்டிங். கையால் சோதிக்கும் மேனுவலோடு நிற்காமல், தானாகச் சோதிக்க உதவும் செலினியமோ பிளேரைட்டோ சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எண்களோடு பழகப் பிடித்தவர்களுக்கு எக்செல், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்.க்யூ.எல்., அறிக்கை தயாரிக்கும் பவர் பி.ஐ. வழியாக டேட்டா. லினக்ஸும் நெட்வொர்க்கும் கொஞ்சம் தெரிந்து, ஷிப்டில் வேலை பார்க்கத் தயார் என்றால் சப்போர்ட். சப்போர்ட் வேலையைக் கீழாக நினைக்க வேண்டாம். அங்கிருந்து கிளவுடுக்கும், மென்பொருளை வெளியிட்டு ஓடவைத்துப் பார்த்துக்கொள்ளும் டெவாப்ஸுக்கும் போனவர்கள் நிறைய.

எதை எடுத்தாலும் எஸ்.க்யூ.எல்.லும், புரோகிராமில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் என்ற கருவியும் கட்டாயம். இந்த இரண்டைக் கேட்காத இன்டர்வியூ அபூர்வம்.

3. காசில்லாமல் கற்க முடிந்ததை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். வகுப்புகளைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் பணம். 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நிறைய பயிற்சிகள் உண்டு. நீங்கள் இன்னும் கடைசி வருடத்தில் இருந்தால் பெயருக்கு முடித்துவிட்டு நகராமல் அதைப் பயன்படுத்துங்கள். தமிழில் கேட்டால்தான் புரிகிறது என்றால் அதில் தயங்க ஒன்றுமில்லை. கணியம் தளத்தில் லினக்ஸ், பைத்தான், எஸ்.க்யூ.எல். பற்றியெல்லாம் தமிழில் எழுதிவைத்திருக்கிறார்கள். யூடியூபிலும் குவிந்து கிடக்கிறது.

ஒரே அறையில் நான்கு பேர் தங்கிக்கொண்டு படிக்க முடியவில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகங்களை எடுத்துப்போய்ப் படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு.

சென்னைப் பை என்ற பைத்தான் குழுவும், ஐ.எல்.யூ.ஜி.சி. என்ற லினக்ஸ் பயனர் குழுவும் பல ஆண்டுகளாக மாதக் கூட்டம் நடத்திவருகின்றன. யாரும் போகலாம், கட்டணம் கிடையாது. முதல் கூட்டத்தில் பாதி புரியாது, பரவாயில்லை. வேலையில் இருப்பவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காது பழகும், முகப்பழக்கமும் கிடைக்கும்.

பயிற்சி மையத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால் சேருங்கள். நேரத்துக்கு உட்காரவைக்க ஆள் தேவைப்படுபவர்களுக்கு அது உதவுகிறது. வேளச்சேரியிலும் தி.நகரிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்ற பலகையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சொல்லிக்கொடுக்கப்போகிறவரின் டெமோ வகுப்பில் உட்காருங்கள். போன பேட்சில் படித்த இரண்டு பேரின் நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். பணத்தைத் தவணையில் கட்டுங்கள். மொத்தமாக இன்றைக்கே கட்டினால்தான் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடுங்கள்.

4. ஒன்றைச் செய்து முடியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். ஃப்ரெஷர் ரெஸ்யூம்களில் புராஜெக்ட் என்ற இடத்தில் ஒரே மாதிரிப் பெயர்கள்தான் இருக்கும்: நூலக மேலாண்மை, கால்குலேட்டர், வானிலை ஆப். பார்த்து டைப் அடித்தது என்று கேள்வி கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுங்கள். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஏலச்சீட்டையே எடுத்துக்கொள்வோம்.

20 பேர், மாதம் ரூ.5,000, மொத்தச் சீட்டு ரூ.1,00,000. முதல் மாதம் ஒருவர் ரூ.25,000 தள்ளி எடுக்கிறார் என்று வைப்போம். அவர் கைக்கு ரூ.75,000. தள்ளிய தொகையிலிருந்து சீட்டு பிடிப்பவருக்குக் கமிஷன் போகும்: மொத்தச் சீட்டில் 5 சதவீதம், அதாவது ரூ.5,000. மீதி ரூ.20,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ரூ.1,000 கழிவு. அதனால் அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது ரூ.4,000.

அம்மாவோ அத்தையோ நோட்டில் போடும் இந்தக் கணக்கை மென்பொருளாக்க முயன்றால் கேள்விகள் தானாக வரும். உறுப்பினர், சீட்டு, மாத ஏலம், வசூல் என்று டேபிள்களை எப்படிப் பிரிப்பது? ஒரே ஆள் இரண்டு சீட்டு போட்டிருந்தால்? தள்ளிய தொகை ரூ.25,350 என்றால் கழிவு ஆளுக்கு ரூ.1,017.50 வரும், அந்தப் பைசாவை என்ன செய்வது? பணத்தை ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைத்தால் கணக்கு ஏன் உதைக்கும்? பாதிப் பணம் கட்டியவரை எப்படிக் காட்டுவது? சீட்டை எடுத்துவிட்டு அப்புறம் கட்டாமல் இழுப்பவரைப் பட்டியல் போடும் க்வெரி எது?

இந்தக் கேள்விகளுக்கு உங்கள் பதிலும், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்ற காரணமும்தான் இன்டர்வியூ. டெஸ்டிங் போகிறவர் இதே ஆப்புக்கு டெஸ்ட் கேஸ் எழுதலாம்: 21-வது ஆளைச் சேர்க்கவிடுகிறதா, சீட்டுத் தொகையைவிட அதிகம் தள்ள முடிகிறதா, ஒரே மாதத்தில் இரண்டு பேர் எடுக்க முடிகிறதா? டேட்டா போகிறவர் மாத வசூல் அறிக்கையைப் பவர் பி.ஐ.யில் செய்துகாட்டலாம். சீட்டுக் கணக்கு வேண்டாம் என்றால் ஊர் பால் சொசைட்டிக் கணக்கு, அப்பாவின் கடைக் கடன் நோட்டு, பி.ஜி.யின் வாடகை, கரன்ட் பில் பங்கு என்று எதையும் எடுக்கலாம்.

ஏ.ஐ.யைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வேலையிலும் அதைத்தான் பயன்படுத்தப்போகிறீர்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: உங்களால் வரிக்கு வரி விளக்க முடியாத புரோகிராம் உங்கள் புராஜெக்டில் இருக்கக் கூடாது. "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பார்கள்.

செய்ததை, புரோகிராம்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது என்று எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிவையுங்கள். கடைசி நாளில் மொத்தமாக ஏற்றாமல் அன்றன்று செய்ததை அன்றன்று ஏற்றினால், நீங்கள்தான் செய்தீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

5. ரெஸ்யூமும் ரெஃபரலும்

ரெஸ்யூம் ஒரு பக்கம் போதும். அப்பா பெயர், மதம், முழு முகவரி, கீழே உறுதிமொழி எல்லாம் வேண்டாம். தெரிந்த மொழிகள் என்று எட்டு பெயர் அடுக்காதீர்கள். எழுதிய ஒவ்வொன்றிலும் கேள்வி வரும். புராஜெக்டை மேலே கொண்டுவாருங்கள்.

நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் கணக்குத் தொடங்கி அடிக்கடி புதுப்பியுங்கள். ஆனால் நிறுவனத்துக்குள் இருக்கும் ஒருவர் பரிந்துரைத்தால் ரெஸ்யூம் பார்க்கப்படும் வாய்ப்பு கூடும். பல நிறுவனங்களில் ரெஃபர் செய்து ஆள் சேர்ந்தால் ரெஃபர் செய்தவருக்குப் பணமும் உண்டு, அதனால் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கல்லூரி சீனியர்களிடமிருந்து தொடங்குங்கள். "அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நிறுவனத்தின் கேரியர்ஸ் பக்கத்தில் இருக்கும் குறிப்பிட்ட வேலையின் எண், உங்கள் ரெஸ்யூம், நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று இரண்டு வரி அனுப்புங்கள். அவர் செய்ய வேண்டியது ஒரு க்ளிக் மட்டும் என்ற அளவுக்குத் தயார் செய்து கொடுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

6. தேர்வும் இன்டர்வியூவும்

ஆப்டிடியூட் என்பது பழக்கம். சதவீதம், வேகம்-தூரம், விகிதம், ரத்த உறவுக் கேள்விகள். தினமும் அரை மணி நேரம் கடிகாரம் வைத்துப் போடுங்கள். கோடிங்கில் அரே, ஸ்ட்ரிங், லூப் கணக்குகளை எந்த உதவியும் இல்லாமல் எழுதும் கை வேண்டும். சோஹோவுக்குத் தயாராகிறவர்கள் டிக்கெட் புக்கிங், டாக்ஸி புக்கிங் போன்ற ஒரு சிறு ஆப்பை ஸ்கிரீனில் எழுத்து மட்டும் வரும்படி ஒரே அமர்வில் எழுதி முடித்துப் பழகுங்கள்.

ஆங்கிலம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்த எத்தனையோ பேர் விஷயம் தெரிந்தும் வாய் திறக்காமல் வாய்ப்பை இழக்கிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும். இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிரில் இருப்பவருக்கு நீங்கள் செய்தது புரிய வேண்டும், அவ்வளவுதான். தினமும் பத்து நிமிடம் உங்கள் புராஜெக்டை ஆங்கிலத்தில் போனில் பேசிப் பதிவு செய்து, திரும்பக் கேளுங்கள். அறைத் தோழர்களோடு மாறி மாறி இன்டர்வியூ எடுங்கள். சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சொல்லுங்கள். மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தைவிட இது எத்தனையோ மேல்.

7. வேலைக்காகப் பணம் கேட்டால்

இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். வேலை தருவதற்காக எந்த நல்ல நிறுவனமும் உங்களிடம் பணம் வாங்காது. பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சி முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏமாற்றுதான்.

"பேக்டோர்" என்று ஒன்று சொல்வார்கள். பெரிய நிறுவனத்தில் ஆள் தெரியும், இரண்டு லட்சம் கொடுத்தால் உள்ளே போட்டுவிடலாம் என்று கன்சல்டன்சி பெயரில் பேசுவார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து இந்தப் பணத்தைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். கையில் வருவது போலி ஆஃபர் லெட்டர். லெட்டர் வந்ததும் மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறதா, ஜிமெயிலிலிருந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள்; நிறுவனத்தின் தளத்திலுள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று போலி அனுபவம். ஃப்ரெஷருக்கு வேலை இல்லை, மூன்று வருட அனுபவம் போட்டுத் தருகிறோம் என்பார்கள். சேரும்போதும், சில இடங்களில் சேர்ந்த பிறகும், பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணில் எந்த நிறுவனத்தில் எப்போது இருந்தீர்கள் என்பது தெரிந்துவிடும். சம்பளம் வந்த வங்கிக் கணக்கையும் கேட்பார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பிடிபட்டால்கூட அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள், அந்த உண்மையான ஒன்றரை வருட அனுபவத்தையும் சேர்த்து இழப்பீர்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். பணத்தை ஏற்கனவே கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

8. ஆஃபர் வந்தால்

பெரிய சேவை நிறுவனங்களில் ஃப்ரெஷருக்கான தொடக்கச் சம்பளம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே பல ஆண்டுகளாக நிற்கிறது. அந்தத் தொகையில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு, சில இடங்களில் வேரியபிள் பே (செயல்பாட்டைப் பொறுத்து மாறும் தொகை) எல்லாம் அடக்கம். உங்கள் பங்கு பி.எஃப்.பும் போக, மாதம் கைக்கு ரூ.22,000 முதல் ரூ.25,000 வரை வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை, பயிற்சியில் தேறாவிட்டால் என்ன என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். சேரும் தேதி தள்ளிப்போவது சாதாரணம். சேரும்வரை தேடுவதை நிறுத்த வேண்டாம்.

தங்குவதற்கு வேளச்சேரி, மேடவாக்கம், துரைப்பாக்கம், பெருங்குடி பக்கம் பி.ஜி.க்கள் அதிகம். வேலை கிடைக்கும்முன் ஓ.எம்.ஆரில் அதிக வாடகை கொடுத்து உட்கார வேண்டியதில்லை. கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயிலில் திருவான்மியூர் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே டைடல் பார்க், அடுத்த ஸ்டேஷன் தரமணி. அந்தப் பாதையில் எங்கே தங்கினாலும் செலவு குறையும். பெண்களுக்கு மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டண வண்டிகளில் டிக்கெட் கிடையாது. அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. வேலை உறுதியானதும் விசாரியுங்கள்.

9. காத்திருக்கும் மாதங்களில்

சில மாதங்கள் ஆகும். அதுவரை ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ எங்கே விண்ணப்பித்தீர்கள், யார் ரெஃபர் செய்தார்கள், எந்தச் சுற்றில் போனது, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று எழுதிவாருங்கள். தேர்விலேயே நின்றால் ஆப்டிடியூட், ரெஸ்யூமுக்கே பதில் வரவில்லை என்றால் புராஜெக்டும் ரெஃபரலும், கடைசிச் சுற்றில் போனால் பேச்சு. எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். கையில் காசு இல்லாமல் பி.பி.ஓ.விலோ கடையிலோ வேலை பார்க்க நேர்ந்தால் பாருங்கள். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் படிப்புக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல், இனிஷியல். மார்க்‌ஷீட்டில் "எஸ். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் எஸ்", பான் கார்டில் அப்பா பெயர் விரிவாகச் சேர்ந்து "கார்த்திக் செல்வம்" என்று மூன்று விதமாக இருக்கும். சேரும் நாளில் யூ.ஏ.என். உருவாக்கும்போதும் பின்னணிச் சரிபார்ப்பிலும் இது இழுத்தடிக்கும். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கும்படி இப்போதே திருத்தி வாங்குங்கள். எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்களையும், புரொவிஷனலையும், பத்தாவது, பிளஸ் டூ சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். புரொவிஷனல் இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த வாரமே கல்லூரிக்குப் போய்விட்டு வாருங்கள்.